குறையைச் சொல்லிக் கேட்பது ஸப்ருக்கு மாற்றமா?

அறிவில் குறைவில்லாத பிள்ளை. காதால் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வான். கிதாபைத் திறந்து வைத்தாலோ, எழுத்தை ஓசையோடு சேர்க்க முடியாமல் திணறுவான். இதை டிஸ்லெக்ஸியா என்கிறார்கள். இது சோம்பலுமல்ல, புத்திக் குறைவுமல்ல. இப்படிப்பட்ட மாணவன் எழுந்து, "உஸ்தாத், எனக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும், கூட உட்கார ஒரு தோழன் வேண்டும்" என்று கேட்கலாமா? அல்லாஹ் விதித்ததைப் பொறுத்துக் கொள்வதுதானே ஸப்ரு என்பர் நம்மில் சிலர்.

அப்படியானால் நபி மூஸா (அலை) அவர்கள் செய்தது என்ன? ஃபிர்அவ்னிடம் செல்லும்படி கட்டளை வந்தபோது, தம் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படியும், சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாக்கும்படியும் வேண்டியதை தாஹா சூராவில் ஓதுகிறோம். தம்மைவிட ஹாரூன் தெளிவாகப் பேசுபவர் என்று மறைக்காமல் சொன்னதை கஸஸ் சூராவில் காண்கிறோம். கேட்டதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை, கேட்டது கொடுக்கப்பட்டது. திக்கல் முழுவதும் நீங்க வேண்டுமென்று அவர்கள் கேட்கவில்லை, பேச்சு விளங்கும் அளவே கேட்டார்கள் என்று இப்னு கதீர் (ரஹ்) எழுதியிருப்பதும் கவனிக்கத்தக்கது. அந்தப் பேச்சைக் குறை கூறி இகழ்ந்தவன் யார்? ஃபிர்அவ்ன்! திக்கி ஓதுகிறவனைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகளுக்கும், அதைக் கண்டும் காணாமலிருக்கும் உஸ்தாதுமார்களுக்கும் ஜுக்ருஃப் சூராவின் அந்த இடத்தை ஓதிக் காட்டலாம்.

"அவர்கள் கேட்டது அல்லாஹ்விடம், மனிதரிடமல்லவே?" எனலாம். அல்லாஹ் கொடுத்த உதவியே ஒரு மனிதர்தாமே!

சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டென்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அவரைச் சிரமத்திலேயே விட்டுவிட இது ஆதாரமாகாது.

நம் நாட்டில் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக் கொண்டது. பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஒருவரும் இத்தகைய பிள்ளைகளுக்கு உண்டு. ஊர் என்ன சொல்லுமோ என்று சான்றிதழ் வாங்காமலிருக்கும் பெற்றோர், பிள்ளையின் ஹக்கைத் தடுத்து வைக்கிறார்கள்.

துணை என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஹாரூன் (அலை) வந்ததால் மூஸா (அலை) அவர்களின் பொறுப்பு நீங்கிவிடவில்லை. மதரஸாக்களில் பாடம் முடிந்தபின் மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து செய்யும் தக்ரார் இதற்கு ஏற்ற இடம். தோழன் இபாரத்தை வாசிக்கட்டும். மஸ்அலாவை இவன் விளக்கட்டும். வாசித்தவனே விளக்கத்தையும் சொல்லத் தொடங்கினால் உஸ்தாத் அவனை நிறுத்த வேண்டும்.