ஓடும் நீரும் நிழற்படத்தின் வாய்மையும்

ஓடுகின்ற நீரை அசையாத தாளில் காட்டுவது வாய்மையா, பொய்மையா? இவ்வினா விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும், காண்பதில் எது மெய், பிறர்க்குக் காட்டுவதில் எது அறம் என்னும் பெருவினாக்கள் இதனுள் அடங்கியுள்ளன. ஆதலின் அன்பர்கள் பொறுமையுடன் இதனை ஆராய்வார்களாக.

ஒரே அருவியை இருவர் படமெடுக்கின்றனர். ஒருவர் காமிராவின் ஷட்டரை ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறக்கிறார். துளிகள் பளிங்கு மணிகளென அந்தரத்தில் நிற்கின்றன. மற்றவர் காமிராவை முக்காலியில் பொருத்தி, லென்சுக்கு முன் கருங்கண்ணாடி வைத்து, 2 நொடி திறந்துவிடுகிறார். நீர் வெண்பட்டாக விரிகின்றது. நம் கண் இவ்விரு காட்சிகளையும் நேரில் கண்டதில்லை. அங்ஙனமாயின் இருவரும் பொய்யரோ?

அல்லர். பஞ்சாலையில் உழைத்தவர் இதனை எளிதில் உணர்வர். நூற்புக் கதிர் முழு வேகத்தில் சுழலும்போது அசையாது நிற்பது போலவே தோன்றும். விரல் வைத்தவனே அதன் வேகத்தை அறிவான். கண்ணும் ஓர் அளவுக்குக் கட்டுப்பட்ட கருவியே. அது காட்டுவது மட்டுமே உண்மை என்பது பொருந்தாது.

1861ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யோசமிட்டிப் பள்ளத்தாக்கைப் படமெடுத்த கார்ல்டன் வாட்கின்ஸ் ஈரத்தட்டு முறையைக் கையாண்டார். அத்தட்டு ஒளியை மெல்லவே ஏற்கும். ஆதலின் அவர் படங்களில் அருவி பால்போல் தோன்றுவது கருவியின் நியதி. இன்றோ அது எடுப்பவரின் தேர்வு. தேர்வு உள்ள இடத்திலேயே அறமும் பிறக்கின்றது.

கர்நாடகத்தில் ஷராவதி ஆறு 253 மீட்டர் ஆழத்தில் வீழும் ஜோக் அருவியை எண்ணிப் பாருங்கள். ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என நான்கு தாரைகள் அதற்குண்டு. 1964இல் லிங்கனமக்கி அணை முற்றுப்பெற்ற பின், நீரின் பெரும்பகுதி மின்சாரத்திற்குச் செல்கின்றது. கோடையில் தாரைகள் மெலிந்துவிடுகின்றன. அணைநீரின்கீழ் ஊர்களும் மூழ்கின; குடிகள் இடம் பெயர்ந்தனர். ஆடி மாதத்துப் பெருவெள்ளத்தை எடுத்து, ஆண்டு முழுவதும் இவ்வாறே என்று தோன்றுமாறு வெளியிடுவாராயின், நீர் துளியாக நின்றாலும் பட்டாக விரிந்தாலும் அப்படம் பொய்யே.

"எந்தப் படமும் சட்டத்திற்கு வெளியே எதையேனும் விடத்தானே செய்கிறது?" என்பர் சிலர். மெய்தான். ஆயினும் உள்ளதை நன்கு காணும்பொருட்டு விடுவது வேறு. இல்லாததை நம்பச் செய்யும்பொருட்டு விடுவது வேறு. படத்தைக் கண்டு அவ்விடம் செல்பவன் ஏமாற்றப்பட்டதாக உணர்வானா? இதுவே உரைகல். படத்தின் கீழ் மாதமும் ஆண்டும் பொறிக்க ஒரு வரி போதும். அவ்வொரு வரியை எழுத மறுப்பதற்குக் கலை ஒரு காரணமாகாது.

இனி, பிறர் படத்தைத் திறனாய்வோர் கடமை யாது? முதலில், எடுத்தவர் எதைக் காட்ட விழைந்தார் எனக் கேட்டறிக. அடுத்து, குறையைப் படத்தின்மீது கூறுக, ஆள்மீது கூறற்க. "உமக்குக் கண் இல்லை" என்பது வசை. "வெண்மை மிகுந்து நீரின் இழைகள் அழிந்தன, ஒளியைச் சற்றுக் குறைத்திருக்கலாம்" என்பது உதவி. "ஓடை ஓரத்தை முட்டி வெளியே வழிகின்றது, அது செல்லும் திசையில் இடம் விடுக. முன்னே ஒரு பாறை நிற்கட்டும். நிற்பது ஒன்று இருந்தாலன்றோ ஓடுவது விளங்கும்?" என்பதும் உதவியே. குறை கண்டும், மனம் நோகுமென அஞ்சி "நன்று, நன்று" என்று தலையசைப்பதோ இனிப்புப் பூசிய பொய். கற்க வந்தவனை அது வெறுங்கையுடன் அனுப்புகின்றது.

படத்திலுள்ள நீர் அக்கணமே கடந்து போயிற்று, மீண்டும் வாராது. அதனைக் கண்டவர் ஒருவர், காணாதவர் பலர். காணாதவர் கண்டவரை நம்புகின்றனர். அந்நம்பிக்கையைக் காப்பதே காமிரா ஏந்தியவரின் ஒழுக்கம். அதனை அன்புடன் நினைவூட்டுவதே திறனாய்வாளரின் தொண்டு.