காளத்திக் காட்சியும் கடந்தநிலைத் திரைப்பாணியும்

முன்னுரை

புலன்களைக் கடந்த ஒன்றைப் புலனுக்குரிய கருவியால் காட்ட இயலுமா என்பது திரைப்படம் மெய்யியலைச் சந்திக்கும் இடத்தில் எழும் முதல் வினா. அதனையொட்டி ஓர் அறவினாவும் எழுகின்றது: திரையில் காட்டப்பெறும் அற்புதம் காண்பவனிடம் எதையேனும் கோருகின்றதா? 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்து, இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ள திருக்காளத்தியைக் களமாகக் கொண்ட கண்ணப்பர் வரலாற்றின்வழி இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கின்றது.

ஷ்ரேடரின் கோட்பாடு

ஓசு, பிரெசோன், டிரையர் ஆகிய மூவரின் படங்களை ஆராய்ந்த பால் ஷ்ரேடர், 1972இல் வெளியிட்ட நூலில் 'கடந்தநிலைப் பாணி' என்னும் கருத்தை முன்வைத்தார். அப்பாணி மூன்று படிகளை உடையது. முதலாவது, உணர்ச்சியேற்றம் இன்றிக் காட்டப்பெறும் அன்றாட வாழ்வு. இரண்டாவது, அவ்வாழ்வுக்குள் அடங்காத ஒன்று மனிதனுள் இருப்பதை உணர்த்தும் முரண். இது ஒரு துணிந்த செயலில் உச்சம் பெறும். மூன்றாவது, முரணைத் தீர்க்காது அதனைக் கடந்து நிற்கும் அசைவற்ற காட்சி. பிரெசோனின் 'பிக்பாக்கெட்' (1959) படத்தில் நடிப்பும் இசையும் எளிதில் தரக்கூடிய உணர்ச்சி நெடுகிலும் மறுக்கப்படுகின்றது. இறுதியில் சிறைக்கம்பிகளுக்கு இடையே அன்பு வெளிப்படும்போது, அதனை ஏற்பதா மறுப்பதா என்று பார்வையாளனே முடிவுசெய்ய வேண்டியவனாகிறான்.

மறைந்து நின்று கண்டவர்

பெரியபுராணத்தில் இப்படிகளுக்கு இணையான அமைப்பு உண்டு. திண்ணனார் ஊன் படைப்பதும் சிவகோசரியார் அதனை அகற்றித் தூய்மை செய்வதும் நாள்தோறும் தொடர்கின்றன. அன்புக்கும் ஆகமத்துக்கும் இடையிலான முரண் இவ்வாறு வளர்கின்றது. ஆறாம் நாள் திண்ணனார் தம் கண்ணை அகழ்ந்து அப்புவது அதன் துணிந்த செயல். அதனை மறைந்து நின்று காண்பவர் சிவகோசரியார். இறைவன் முன்னரே கனவில் வேடனது அன்பை அவருக்கு உணர்த்தியிருந்தும், நேரில் காணுமாறு பணிக்கின்றான். அவர் தீயவர் அல்லர்; நெறி வழுவாத முனிவர். ஆதலின் அக்காட்சி அவர் வாழ்நாள் முழுதும் கைக்கொண்ட அளவுகோலையே சோதிக்கின்றது. காப்பியத்துள் இடம்பெற்ற பார்வையாளர் என அவரைக் கொள்ளலாம்.

இங்கு ஒரு தடை எழலாம். ஷ்ரேடர் போற்றுவது சிக்கனமான வெளிப்பாட்டை. சேக்கிழாரோ வேட்டையையும் ஊனையும் குருதியையும் விரித்துப் பாடுகின்றார். பத்தி மரபு வளமான வெளிப்பாட்டை விலக்குவதில்லை. எனவே சிக்கனத்தைப் பொதுவிதியாகக் கொள்ளாது, காண்பவன் எந்நிலையில் நிறுத்தப்படுகிறான் என்பதையே அளவையாகக் கொள்ளுதல் தகும்.

திரை தந்த மாற்றம்

எச்.எல்.என். சிம்மா இயக்கி ராஜ்குமார் நடித்த 'பேடர கண்ணப்ப' 1954இல் கன்னடத்தில் வெளிவந்தது. தெலுங்கில் 'காளஹஸ்தி மகாத்மியம்' ஆயிற்று. 1976இலும் 2025இலும் இக்கதை மீண்டும் தெலுங்கில் படமாயிற்று. 1954ஆம் ஆண்டுப் படத்தில் அர்ச்சகர் தன்னலமிக்க வஞ்சகராகப் படைக்கப்பட்டுள்ளார். சமயத்தின் பெயரால் நிகழும் கொடுமையைச் சாடும் இம்மாற்றத்தின் சமூக மதிப்பை மறுப்பதற்கில்லை. ஆயினும் இதனால் ஓர் இழப்பும் நேர்கின்றது. வஞ்சகர் ஒருவர் எதிர்நிற்கையில் பார்வையாளன் தயக்கமின்றி வேடன் பக்கம் சேர்ந்துவிடுகிறான். பிழை வேறொருவருடையதாகிவிட, அவனது அளவுகோல் சோதிக்கப்படுவதில்லை. நல்லவரான சிவகோசரியாரோடு நின்று கண்டிருந்தால், 'அந்த ஊனை நானும் அருவருத்து அகற்றியிருப்பேனோ?' என்று அவன் தன்னையே வினவ நேர்ந்திருக்கும்.

முடிவுரை

கடந்தநிலையைத் திரைப்படம் நேரே காட்டிவிட இயலாது; அதன்முன் காண்பவனை நிறுத்த இயலும். அற்புதத்தைக் கண்டு வியப்பவனாக மட்டும் அவனை விட்டுவிடும் படம் பத்திச்சுவை தரலாம். அவனது தீர்ப்பையே வினாவுக்குள்ளாக்கும் படம் மெய்யியல் செய்கின்றது. கண்ணப்பர் கதையைச் சிவகோசரியாரின் கண்வழிக் காட்டும் படம் அமையுமாயின், அது இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும்.