ஒன்று போல் இருப்பதெல்லாம் ஒன்றா?

போன ஆண்டு கடைசி விடுமுறையில் எங்கள் வீட்டுக் கணினியைச் சுத்தம் செய்தேன். அப்போது ஒரு தவறும் செய்தேன். அதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பேசியபோது, “இதை எழுதிக் கொடு, மத்தவங்களுக்கும் உதவும்” என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஈப்போவில் எங்கள் தாமான் வீட்டில் இருப்பது ஒரே கணினி. அப்பா, அம்மா, தங்கை, நான் நான்கு பேரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். சில மாதங்களாகவே ‘இடம் இல்லை’ என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தால் ஒரே படம் ஐந்து இடத்தில் இருக்கிறது. கைப்பேசி மாற்றும்போதெல்லாம் ஒரு நகல். ‘பேக்அப்’ என்று ஒரு போல்டர், ‘பேக்அப் பாரு’ என்று இன்னொன்று, பெண்டிரைவிலிருந்து இறக்கியது மூன்றாவது. உங்கள் வீட்டுக் கணினியும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நகல் கோப்புகளைத் தேடும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவை வேலை செய்யும் விதம் அழகானது. முதலில் கோப்புகளின் அளவைப் பார்க்கும். அளவே வேறாக இருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. அளவு ஒன்றாக இருந்தால், ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் கணக்கிட்டு ஒரு ‘கைரேகை’ எடுக்கும். எஸ்எச்ஏ-256 என்ற முறையில் அந்தக் கைரேகை 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு சரம். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் சரம் முழுவதும் மாறிவிடும். எம்டி5 என்ற பழைய முறையில் வேறு வேறு உள்ளடக்கத்துக்கும் ஒரே கைரேகை வரச் செய்ய முடியும் என்று சீன ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். அதனால் நல்ல மென்பொருள் சந்தேகம் இருந்தால் இரண்டு கோப்புகளையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒப்பிட்டும் பார்க்கும்.

எங்கள் கணினியில் 6,000-க்கு மேல் நகல்கள் வந்தன. ‘ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தானாகக் குறியிடு’ என்று ஒரு வசதி இருந்தது. அழுத்தினேன். பட்டியலை முழுதாகப் பார்க்கவில்லை. அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். பெரிய பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அதற்கு முந்திய வாரம்தான் வகுப்பில் பதஞ்சலியின் ஐந்து இயமங்களில் ஒன்றான அபரிக்கிரகத்தைப் பற்றி, தேவைக்கு மேல் பொருள் சேர்க்காமையைப் பற்றி நான் பேசியிருந்தேன். சொன்னதைச் செய்தும் காட்டிவிட்டோம் என்று மனசுக்குள் ஒரு பெருமை வேறு.

நான்கு நாள் கழித்து அப்பா கேட்டார். “தம்பி, தோட்டத்துப் படமெல்லாம் எங்கப்பா?”

“எல்லாம் இருக்குப்பா. டூப்ளிகேட்டைத்தான் எடுத்தேன்” என்று என் போல்டரைத் திறந்து காட்டினேன். 112 படங்களும் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “படம் இருக்கு. பேர் எங்க?” என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருந்த பழைய படங்களை ஸ்கேன் செய்தது நான். என் போல்டரில் அவை ‘ஸ்கேன்_0001’, ‘ஸ்கேன்_0002’ என்றுதான் இருந்தன. அப்பா அவற்றைத் தம் போல்டருக்கு நகலெடுத்து, இரண்டு வருஷமாக இரவில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார். ‘பெரட்டுக் களம், இடமிருந்து மூணாவது பெரிய தாத்தா’, ‘ஆயாக் கொட்டகை, தொட்டிலில் இருப்பது சித்தி’, ‘மாரியம்மன் திருவிழா, கரகம் எடுப்பது தண்டல் வீட்டு அக்கா’ என்று. கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் பழைய தோட்டத்துக்காரர்களைப் பார்க்கும்போது கைப்பேசியில் படத்தைக் காட்டிக் கேட்டு, வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

கோப்பின் பெயர் கோப்புக்குள் இருப்பதில்லை. அது டிஸ்க்கின் அட்டவணையில் தனியாக இருக்கிறது. கைரேகை எடுப்பது உள்ளடக்கத்துக்கு மட்டும். அதனால் ‘ஸ்கேன்_0047’ம் அப்பா பெயர் வைத்த படமும் கணினிக்கு ஒன்றேதான். அது ஒன்றை வைத்தது, மற்றதைக் குறியிட்டது. அழிந்ததை மீட்கும் மென்பொருளையும் ஓட்டிப் பார்த்தேன். அதற்குள் அந்த டிஸ்க்கில் வேறு எதை எதையோ ஏற்றியிருந்தேன். சில படங்கள் திரும்பி வந்தன, பெயர் இல்லாமல் வெறும் எண்களோடு.

மென்பொருள் பொய் சொல்லவில்லை. உள்ளடக்கம் ஒன்றுதான் என்று அது சொன்னது உண்மை. ‘உள்ளடக்கம் ஒன்று’ என்பதை ‘இரண்டும் ஒன்று’ என்று நான்தான் எடுத்துக்கொண்டேன்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். அக்கா அனுப்பிய கல்யாணப் படம் வாட்ஸ்அப் வழியாக வரும்போது சுருங்கிவிடும். நம் கண்ணுக்கு அது அதே படம், கணினிக்கு முற்றிலும் வேறு கோப்பு. அப்படியென்றால் ‘ஒன்று’ என்பது பொருளில் மட்டும் இல்லை, நாம் எதை வைத்துப் பார்க்கிறோம் என்பதிலும் இருக்கிறது. எடை போடுபவனுக்கு இரண்டு பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றுதான். ஒன்று அம்மாவின் சீதனமாக இருந்தால், அம்மாவுக்கு அவை ஒன்றா?

நம் கோயிலில் இதை நாம் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கருவறையில் மூலவர், வீதி உலாவுக்கு உற்சவர். சாமி ஒன்று, மூர்த்தி இரண்டு. “ஒண்ணு போதுமே” என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் நடக்க முடியாத பாட்டியின் வாசலுக்கு வருபவர் உற்சவர்தான்.

ஆனால் தோட்டத்துக் கோயில் என்று வரும்போது அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. “எல்லாம் அதே மாரியம்மன்தானே, எதுக்கு இத்தனை கோயில்?” நம் பேராக்கில் 1950களின் இறுதியிலும் 60களிலும் ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அதைப் பார்த்துத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் தாமான் வந்தது. அப்பா பிறந்த லயமும் இன்று இல்லை. அங்கிருந்து போனவர்களுக்கு அந்த மாரியம்மன் ‘இன்னொரு மாரியம்மன்’ இல்லை. கொள்ளுத்தாத்தா பொங்கல் வைத்த இடம் அது.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். விளக்கேற்ற ஆளில்லாமல் விட்டுவிட்டு, “எங்க கோயில், யாரும் தொடக்கூடாது” என்று சொல்வது பாதுகாப்பது ஆகாது. திறந்தே பார்க்காத ஐந்து ‘பேக்அப்’ போல்டரும் அப்படித்தான். வெறுமனே குவித்து வைப்பதைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொள்கிறோம்.

தேவாரத்தின் கதையை நினைத்துப் பாருங்கள். சம்பந்தர் பாடியது 16,000 பதிகம் என்று மரபு சொல்கிறது. நம் கைக்கு வந்தவை 400-க்கும் குறைவு. ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் சிதம்பரத்தில் பூட்டியிருந்த அறையைத் திறந்தபோது ஏடுகளைக் கரையான் அரித்திருந்தது என்பது நாம் சின்ன வயசிலிருந்து கேட்ட வரலாறு. ஓர் அறையில் எவ்வளவு குவித்து வைத்தாலும் கரையானுக்கு அது ஒரே சாப்பாடுதான். இன்னொரு பக்கம், ஏடுகளில் இல்லாமல் போன சம்பந்தரின் ஒரு பதிகம் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில் இருந்து நமக்குக் கிடைத்தது. யாரோ அதைக் கல்லில் இன்னொரு நகலாக வெட்டி வைத்திருந்தார்கள். அந்த நகலை ‘மிகை’ என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால்?

ஆக, நகல் வைப்பது தவறில்லை. நகலை நீக்குவதும் தவறில்லை. என் தவறு எங்கே என்று பல நாள் யோசித்தேன். அபரிக்கிரகம் என் பொருளைப் பற்றியது. எனக்கு எது போதும் என்று நான் முடிவு செய்யலாம். அப்பாவுக்கு எது மிகை என்று முடிவு செய்ய எனக்கு யார் உரிமை கொடுத்தது? அடுத்தவர் பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு அதற்குத் துறவு என்று பெயர் வைத்துக்கொண்டேன். அந்தப் பெருமையைத்தான் சைவத்தில் ஆணவம் என்கிறோம். ‘எனக்குத் தேவையில்லை’ என்பதை ‘தேவையே இல்லை’ என்று அது மாற்றிக் காட்டிவிடும்.

“நீ கேட்காம செஞ்சது தப்புதான். ஆனா அப்பாவும் சொல்லலையே” என்று அம்மா சொன்னார். அதுவும் சரிதான். ஆனால் பட்டியலில் அப்பாவின் போல்டர் பெயர் என் கண் முன்னாலேயே இருந்தது. பக்கத்து அறைக்குப் போய் ஒரு வார்த்தை கேட்க எனக்குச் சோம்பல்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு முறை வைத்திருக்கிறோம். முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல். பிறகுதான் தேடல். ‘தானாகக் குறியிடு’ கிடையாது. யாருடைய போல்டரோ அவர் உட்கார்ந்து பார்த்த பிறகே கை வைப்பது. விண்டோஸ் அமைப்புக் கோப்புகளைத் தொடுவதே இல்லை. நீக்கியது ஒரு மாதம் ரீசைக்கிள் பின்னில் இருக்க வேண்டும். முக்கியமானவற்றுக்கு மூன்று நகல், இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு வீட்டில். எங்களுடையது அத்தை வீட்டில் இருக்கிறது. படத்தில் இருப்பவர்களின் பெயரை ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதுகிறோம்.

எழுதுவது நான், சொல்வது அப்பா. சனிக்கிழமை இரவுகளில் உட்காருகிறோம். யார் எந்த லயத்தில் இருந்தார், யார் எந்த நிரையில் மரம் வெட்டினார் என்று சொல்லிக்கொண்டே போவார். இதையெல்லாம் அதற்கு முன்னால் நான் அவரிடம் கேட்டதே இல்லை. இதுவரை 87 படங்களுக்குப் பெயர் எழுதிவிட்டோம். 47ஆவது படத்தில் கிணற்றடியில் நிற்கும் நான்கு பெண்கள் யார் என்று அப்பாவுக்கு நினைவு வரவில்லை. முதல் தடவை அவருக்கு அதைச் சொன்ன பாட்டி போன தைப்பூசத்துக்கு முன்னால் இறந்துவிட்டார்.

அந்தப் பக்கத்தில் ‘கிணற்றடி, நான்கு பெண்கள்’ என்று மட்டும் எழுதி, கீழே நான்கு வரி இடம் விட்டிருக்கிறேன். வருகிற கல்யாணங்களில் கேட்டுப் பார்க்க வேண்டும்.