உறையிலிட்ட மறையும் கோடிட்ட வேதமும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறக்கும் நம்மவர், வேதப் புத்தகத்தைக் கையிலேந்தி ஆலயம் செல்லும் கிறிஸ்தவத் தமிழரைப் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் காணாதிருக்க முடியாது. அப்புத்தகத்தைத் திறந்தால் வரிகளின் கீழே பென்சில் கோடு. ஓரத்தில் பொடியெழுத்தில் குறிப்பு. ஒளுவின்றித் தொடாமல், உறையிலிட்டு உயரத்தில் வைத்துப் பழகிய நமக்கு இது மனம் கூசும் காரியந்தான். வேதத்தின் மேல் இவர்களுக்கு மரியாதை இல்லையோ?

சகோதரர்களே, அவ்வாறு முடிவு கட்டிவிட முடியாது. கிள்ளானில் நம் பள்ளிவாசல் இருக்கும் தெங்கு கிளானா சாலையிலேயே கத்தோலிக்கரின் லூர்து மாதா ஆலயமும் இருக்கிறது. அவர்கள் வழிபாட்டில் சுவிசேஷம் வாசிக்கப்படும்போது அனைவரும் எழுந்து நிற்பர். நெற்றி, உதடு, மார்பு மூன்றிலும் சிலுவைக் குறியிடுவர். வாசித்து முடித்த குரு நூலை முத்தமிடுவார். நமக்கு அந்நியமாகத் தோன்றாத மரியாதையல்லவா இது? ஆனால் நெடுங்காலம் அந்த வாசகம் லத்தீனிலேயே இருந்தது. 1963-இல் வாட்டிகன் சங்கம் வழி திறந்த பிறகே வழிபாட்டில் தமிழ் முழங்கிற்று.

பிரிக்பீல்ட்ஸ் சீயோன் ஆலயத்து லுத்தரன் சபையாரின் வழி வேறு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1714, 1715-ஆம் ஆண்டுகளில் அங்கேயே அச்சிட்டு முடித்தார். விசுவாசி ஒவ்வொருவனும் தானே வாசித்தறிய வேண்டுமென்பது அவர்கள் கொள்கை. பென்சில் கோட்டின் பூர்வீகம் அதுவே. (தனக்குத் தோதான வசனத்துக்கு மட்டும் கோடிடுகிறவர் அங்கும் உண்டு. அது வேறு விஷயம்.)

பொருளறியாது ஓதுவது வீணென்று கூறுவாரை நாம் ஏற்க மாட்டோம். அரபு மூலம் அல்லாஹ்வின் வாக்கு. அதை ஓதுவதே வணக்கம். எந்த மொழிபெயர்ப்பும் அதனிடத்தைப் பெறாது. ஆயினும் ஓதியதோடு கடமை தீர்ந்ததா என்ற கேள்வி நிற்கிறது. வியாபாரிகளாகிய நமக்கு அது மிக நெருக்கமாகவே நிற்கிறது.

திருமறையின் மிக நீண்ட வசனம் எது? தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. சூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம், தவணைக் கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பலாகாது. கைக்குக் கை மாறும் ரொக்க வியாபாரத்துக்கு மட்டுமே விலக்கு.

நம் கடைகளில் நடப்பது என்ன? "நமக்குள் என்ன எழுத்து!" என்று மச்சானுக்கு மச்சான் வாய்ப்பேச்சில் முதல் போடுகிறோம். எழுதக் கேட்பதே அவமரியாதையென்று கருதுகிறோம். வாப்பா மௌத்தான பிறகு, பங்கு எவ்வளவு, கடன் எவ்வளவு என்று தெரியாமல் பிள்ளைகள் கோர்ட்டு ஏறுகிறார்கள்; ஒரே ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. இவர்களில் எத்தனை பேர் ரமலான்தோறும் அந்த வசனத்தைத் தஜ்வீது பிசகாமல் ஓதி, முஸ்ஹபை முத்தமிட்டு உறையிலிட்டவர்கள்!

திருமறையில் கோடு போடச் சொல்லவில்லை. அந்த மரியாதை நம்மிடம் அப்படியே இருக்கட்டும். ஆலிம்சாவிடம் அந்த ஒரு வசனத்துக்கு மட்டுமாவது கடையில் வைத்துப் பொருள் கேட்கலாம். கணக்குப்பிள்ளையும் கூட உட்காரட்டும். பிரயாணத்தில் எழுதுபவர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று யாராவது கேட்பார்கள். அதற்கான விடை அடுத்த வசனத்திலேயே இருக்கிறது.