சோறு விற்பவன்

சோற்றை விற்பது பாவம் என்று நம்மவர்களிடம் ஒரு பழைய எண்ணம் உண்டு. அன்ன விக்கிரயம் என்று அதற்கு ஒரு வசவுப் பெயரும் இருந்தது. சத்திரம் வைத்தவன் புண்ணியவான். ஹோட்டல் வைத்தவன் வியாபாரி. இன்று யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் ஒரு பேரழிவுக்குப் பிறகு ஹோட்டல்காரன் ஒருவன் ஊருக்கு இலவசமாகச் சமைத்துப் போட்டான் என்று கேள்விப்படும்போது நாம் நெகிழ்கிற விதத்தில் அந்த எண்ணம் தலைகாட்டுகிறது. வியாபாரி வள்ளலாகிவிட்டான், கல்லாவை மூடிவிட்டு அறத்தின் பக்கம் வந்துவிட்டான் என்று பூரிக்கிறோம். இந்தப் பூரிப்பை நான் சந்தேகிக்கிறேன். அவன் செய்த காரியத்தின் மதிப்பு, தன் தொழிலை அவன் விடாமல் செய்ததில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

2017 செப்டம்பர் 20 அன்று மரியா என்ற புயல் கரீபியன் கடலிலுள்ள போர்ட்டோ ரீக்கோ தீவைக் கடந்து சென்றது. அமெரிக்காவின் ஆளுகையிலுள்ள தீவு. 30 லட்சத்துக்கு மேல் ஜனங்கள். தீவு முழுவதும் மின்சாரம் போயிற்று. கடைசி வீடுகளுக்கு அது திரும்பி வர ஏறக்குறைய 11 மாதங்கள் ஆயின. செத்தவர்கள் 64 பேர் என்று சொல்லிவந்த தீவின் அரசு, மறு வருஷம் ஆகஸ்டில் 2,975 என்று திருத்திக்கொண்டது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில், புயல் போன பிறகு மெல்ல மெல்ல நடந்த அழிவு கிடக்கிறது. காற்று ஒரு நாளில் அடங்கிவிட்டது. பசி அடங்கவில்லை.

தலைநகரான ஸான் ஹுவானில், ஸான்துர்ஸே பகுதியில், ஹோசே என்ரிக்கே என்ற சமையற்காரரின் ஹோட்டல் இருந்தது. வாஷிங்டனில் ஹோட்டல்கள் நடத்தும் ஹோசே ஆந்த்ரேஸ் என்ற ஸ்பானியர் புயல் கழிந்த சில நாட்களில் தீவுக்கு வந்து சேர்ந்தார். உள்ளூர்ச் சமையற்காரர்களோடு அந்த ஹோட்டலில் அடுப்பு மூட்டினார். அண்டாவில் கொதித்தது ஸான்கோச்சோ. கிழங்கு, வாழைக்காய், சோளம், இறைச்சி எல்லாம் சேர்த்து, குடும்பம் கூடும் நாட்களில் பெரிய பாத்திரத்தில் ஆக்குகிற குழம்பு. இடம் போதாமல் வேலை ஒரு பெரிய உள்ளரங்கின் சமையல்கட்டுக்குப் பரவிற்று. உச்சத்தில் நாளுக்கு ஒரு லட்சம் சாப்பாட்டுக்கு மேல். மொத்தத்தில் 30 லட்சத்துக்கும் மேல்.

இனி, இதில் அறம் எங்கே இருக்கிறது?

மின்சாரம் நின்ற எந்த ஹோட்டலிலும் கருணைக்கு முன்னால் நிகழ்வது ஒன்று உண்டு. குளிர்பெட்டி சூடேறுகிறது. உள்ளே இருக்கும் மீனுக்கும் இறைச்சிக்கும் இரண்டொரு நாள்தான் கெடு. சமைத்தால் சோறு, விட்டால் நாற்றம். அப்படியானால் முதல் நாள் கொடுப்பது தானமா, சரக்கைக் காலி செய்வதா? காண்ட் 1785இல் எழுதிய நூலில் ஒரு கடைக்காரன் வருகிறான். விவரம் தெரியாதவனிடமும் கூடுதல் விலை வாங்காத நாணயஸ்தன். அவன் செய்கை கடமைக்கு ஒத்துப்போகிறது. தன் லாபத்தை உத்தேசித்துச் செய்வதால் அதற்கு அறமதிப்பு கிடையாது என்று தீர்த்துவிடுகிறார் காண்ட். நம் ஹோட்டல்காரனையும் இதே தராசில் ஏற்றலாம். சரக்கு வீணாகக்கூடாது, வாடிக்கை கெடக்கூடாது, பெயர் நிற்க வேண்டும் என்று நோக்கங்களை உரித்துக்கொண்டே போகலாம். வெங்காயம் உரிப்பதுபோலத்தான் முடியும் அது.

எனக்கு முதல் நாளைவிட நான்காம் நாள் முக்கியம். குளிர்பெட்டி காலி. இனி வெங்காயம் வாங்க வேண்டும்; மண்டிக்காரனிடம் கடன் சொல்ல வேண்டும்; ஜெனரேட்டருக்கு டீசல் தேட வேண்டும்; தன் வீட்டுக் கூரையே போன பணியாள் வேலைக்கு வந்து நிற்கிறான், அவனுக்குக் கூலி தர வேண்டும். நோக்கம் எதுவானாலும் முதல் நாளைத் தாண்டி அது இழுக்காது. அங்கிருந்து இழுப்பது வேறு ஏதோ. மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. அதனால்தான் அந்தக் காவியத்தில் ஆதிரை இட்ட முதல் பிச்சைக்கு அத்தனை கனம். பிறகு பாத்திரமே பார்த்துக்கொள்கிறது. ஹோட்டல்காரனின் அண்டாவுக்கு அடி உண்டு. தினமும் இரவில் அது தெரியும். அடி தெரிந்த பிறகு மறுநாள் காலையில் அடுப்புப் பற்றவைப்பதைத் தானம் என்ற சொல் தாங்கவில்லை. தொழில் என்ற சொல் தாங்குகிறது. காலையில் எழுந்து அடுப்பு மூட்டுவது அவனுக்குப் பழக்கம். அந்தப் பழக்கம்தான் இங்கே அறத்தைச் சுமக்கிறது.

இதற்கு மறுமுனையையும் பார்க்க வேண்டும். 2017 அக்டோபரில் அமெரிக்க அரசின் பேரிடர் நிர்வாகம் அந்தத் தீவுக்காக 3 கோடி சாப்பாட்டுப் பொட்டலங்களுக்கு 15 கோடியே 60 லட்சம் டாலர் ஒப்பந்தம் ஒன்று போட்டது. எடுத்தது ஒரே ஒருவர் நடத்திய நிறுவனம். 1 கோடியே 85 லட்சம் பொட்டலங்கள் சேர்ந்திருக்க வேண்டிய நேரத்தில் வந்தது 50,000. அதிலும் சோறு ஒரு பொட்டலம், சூடாக்கும் பை வேறொரு பொட்டலம். ஒப்பந்தம் ரத்தாயிற்று. இதைத் திறமைக்குறைவு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் 3 கோடியும் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தாலும் எனக்கு ஒரு கேள்வி மிஞ்சும். அதைத் தின்றவன் உப்பு போதவில்லை என்று யாரிடம் சொல்லியிருப்பான்?

ஹோட்டலில் உட்காருகிறவனுக்கு ஓர் உரிமை இருக்கிறது. ஆறிப்போய்விட்டது என்று தட்டைத் தள்ளலாம், இன்னொரு கரண்டி கேட்கலாம், நேற்று நன்றாயிருந்தது இன்று இல்லை என்று முகம் சுளிக்கலாம். கஞ்சித்தொட்டி வரிசையில் நிற்பவன் இதில் எதைச் செய்தாலும் நன்றிகெட்டவன். திருப்பிக் கொடுக்க முடியாத கொடை வாங்குகிறவனைத் தாழ்த்துகிறது என்பது 1925இல் மார்ஸல் மோஸ் கொடையைப் பற்றி எழுதியதன் சாரங்களில் ஒன்று. குறை சொல்லும் உரிமையைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம் என்று நாம் நம்பிவந்திருக்கிறோம். காசு இல்லாத அந்த நாட்களில் ஹோட்டல்காரனின் கை அதைப் பொய்யாக்குகிறது. சாப்பிடுகிறவன் முகத்தைப் பார்ப்பதும், திரும்பி வந்த தட்டில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று கவனிப்பதும் அவனுக்கு ஊறிப்போனவை. விலையை எடுத்துவிட்டாலும் அவை போவதில்லை. அவன் முன்னால் நிற்பவன் அன்றைக்கும் வாடிக்கைக்காரன்தான். ஊட்டச்சத்துக் கணக்குப் போடுகிறவனுக்கு ஸான்கோச்சோ தோன்றியிருக்காது.

இவர்களைப் புகழ்வது அரசுக்கு வசதியாகிவிடும் என்ற ஆட்சேபம் சரியானது. ஊருக்குச் சோறு போடும் பொறுப்பு அரசுடையது. அதை யாரும் மன்னித்துவிடக் கூடாது. ஆந்த்ரேஸின் சமையலுக்கான செலவில் ஒரு பகுதியும் அதே நிர்வாகத்தின் ஒப்பந்தப் பணம்தான். இதனால் அந்தக் காரியம் களங்கப்பட்டதாக நான் கருதவில்லை. பணம் எல்லோருடையதாகவும் கை சமைக்கத் தெரிந்தவனுடையதாகவும் இருப்பதுதான் முறை.

கடினமான கேள்வி வேறு: எப்போது நிறுத்துவது? இலவசச் சோறு நீடித்தால் பக்கத்துத் தெருவில் கடை திறக்க முயல்கிறவன் அழிவான். புயல் தப்பவிட்டவனைக் கருணை முடித்துவிடும். இதற்கு விடையாக எனக்குத் தெரிந்த ஒரு காரியம் ஜப்பானில் நடந்தது. 2024 ஜனவரி 1 அன்று நோத்தோ தீபகற்பத்தை 7.6 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. வாஜிமா நகரின் புகழ்பெற்ற காலைச் சந்தைத் தெரு எரிந்து போயிற்று. அங்கே பிரெஞ்சு முறை ஹோட்டல் நடத்திவந்த இகெஹாதா தோஷியா, தன் இடம் சிதைந்த நிலையில், மற்றச் சமையற்காரர்களோடு சேர்ந்து வீடிழந்தவர்களுக்குச் சமைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், அப்படிக் கூடச் சமைத்தவர்களோடு வாஜிமாவில் ஒரு சிறிய கடை திறந்தார். மாலையில் ஊர்க்காரர்கள் வந்து குடித்துச் சாப்பிடும் கடை. பெயர் மெபுகி; துளிர்ப்பு என்று அர்த்தம். அங்கே சாப்பாட்டுக்கு விலை உண்டு.

அந்த விலையைக் கருணையிலிருந்து விழுந்த சரிவாக என்னால் பார்க்க முடியவில்லை. ஜனவரியில் கிண்ணத்தை நீட்டியவன் ஆகஸ்டில் காசை எடுத்து வைக்கிறான், இது வேண்டாம் அது கொடு என்கிறான். அவன் மறுபடியும் ஊர்க்காரனாக நிற்பது அப்போதுதான். அன்ன விக்கிரயம் என்று வைதவர்கள் இந்த இடத்தை யோசித்ததாகத் தெரியவில்லை. செப்டம்பர் 21 அன்று பெருமழை வந்து அதே ஊரை மறுபடி வெள்ளத்தில் தள்ளியது. மீண்டும் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியவில்லை.