படியாதவன் செலுத்தும் வரி

நூலகத்தின் வாயிலை ஒருநாளும் மிதியாத ஒருவன், அந்நூலகத்திற்காக வரி செலுத்துதல் வேண்டும் என்பது அறமாகுமா? இவ்வினாவை மேலைநாட்டு நகரங்கள் சில, வாக்குப் பெட்டியின் முன் வைத்துத் தீர்த்துக்கொண்டுள்ளன. 1998-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அமெரிக்காவின் சியாட்டில் நகர மக்கள், 19 கோடியே 64 இலட்சம் டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட்டு நூலகங்கள் எழுப்புவதற்கு இசைந்து வாக்களித்தனர். கடன்பத்திரமாவது, இன்று பெற்றுப் பல்லாண்டு வரியால் அடைக்கும் கடன். எனவே அன்று வாக்களித்தோர், தம்மை மட்டுமன்றி, வாக்குரிமை எய்தாத தம் மக்களையும் அக்கடனுக்கு உட்படுத்தினர்.

வழக்கு பழையது. இங்கிலாந்தில் வில்லியம் யூவர்ட் முயன்று 1850-இல் நிறைவேறிய பொது நூலகச் சட்டம், வாக்களிக்கும் வரிசெலுத்துவோரில் மூன்றில் இரு பங்கினர் இசைந்தாலன்றி நகரில் நூலகம் அமைத்தலாகாது என விதித்தது. வரியோ, பவுனுக்கு அரைப் பென்னி. அப்பணத்தைக் கொண்டு கட்டடம் எழுப்பலாம்; நூல் வாங்கலாகாது! நூல்களைச் செல்வர் வழங்குவர் என்பது சட்டம் இயற்றியோர் எண்ணம். அடுப்பும் பானையும் வாங்கி வைத்துவிட்டு, அரிசிக்கு அண்டை வீட்டை நோக்கியிருந்த கதை இது. 1855-இல் வரி ஒரு பென்னியாக உயர்ந்த பின்னரே நூல் வாங்க வழி பிறந்தது.

அச்சட்டத்தை எதிர்த்தோருள் சிப்தார்ப் என்னும் உறுப்பினர், தமக்குப் படிப்பதே பிடிக்காது என்று பாராளுமன்றத்திலேயே கூறினார். அவரை நகைத்து ஒதுக்குதல் எளிது. ஆயின், தனக்கு விருப்பமில்லாத ஒன்றிற்குத் தன் பொருளைப் பிறர் எடுக்கலாமா என்று அவர் இடத்தில் நின்று ஓர் ஏழை கேட்பானாயின், நாம் என்ன விடை பகர்வோம்?

நூலகம் தெருவிளக்கைப் போன்றது, அதன் ஒளி எல்லார்க்கும் பொது என்பது வழக்கமான விடை. இவ்விடை எனக்கு நிறைவளிப்பதில்லை. தெருவிளக்கின் கீழ் எவரும் நடக்கலாம். எழுத்தறியாதவனுக்கு நூலடுக்கு இருட்டே. நம் ஜார்ஜ் டவுனில் அத்தகைய வரியொன்று விதிக்கப்பட்டதாகக் கொள்வோம். வாடகை வீட்டில் வாழும் துறைமுகத் தொழிலாளியும் வாடகையின் வழியே அதைச் செலுத்துவான். பயனை மிகுதியாக நுகர்வோர் நம்போன்ற ஆசிரியரும் அலுவலருமே. இவ்வுண்மையை மறைத்து அவனிடம் இசைவு கேட்பது நேர்மையன்று.

அங்ஙனமாயின், கொடையே போதுமே என்பர் சிலர். கொடையில் நாம் குறைந்தவரல்லர். 1950-களில், கோ. சாரங்கபாணி அவர்களின் ஊக்கத்தால், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதிக்கு ஆளுக்கொரு வெள்ளி திரட்டி, அன்று சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நூல்கள் சேர வழிசெய்தது நம் சமுதாயம். அதன் பெருமையைக் குறைத்துரைக்க எவர்க்கும் மனம் வாராது. ஆயின் ஒருமுறை திரட்டிய நிதி ஒருமுறையே நூல் வாங்கும். நூலகமோ ஆண்டுதோறும் பசிக்கும் வயிறு. மேலும், கொடையால் எழுந்த நூலகத்துள் ஏழைச் சிறுவன் கைகட்டி நுழைகின்றான். வரியால் எழுந்த நூலகத்துள் அவன் தந்தையின் காசும் இருக்கின்றது. படியாத தொழிலாளிக்கு நாம் நேர்மையாகச் சொல்லத்தக்கது இதுவே: உன் பயனுக்காக அன்று, உன் மகன் அங்கே எவர்க்கும் கடமைப்படாமல் அமர்வதற்காகக் கேட்கின்றோம்.

தமிழகத்தில் இதனை உணர்ந்தவர் சீ. இரா. அரங்கநாதன். அவர் முயற்சியால் அமைந்த 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்துவரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆறு ‘பை’ நூலக வரி விதித்தது. எனினும் அங்கே முடிவுசெய்தது சட்டமன்றம். தெருவில் உள்ளோரை எவரும் தனித்துக் கேட்கவில்லை.

கேட்கும் வாய்ப்பு நமக்கு ஒருகாலத்தில் அருகில் இருந்தது. மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் 1951 டிசம்பர் முதல்நாள் ஜார்ஜ் டவுனில்தான் நடைபெற்றது. 1957-இல் அது மாநகராயிற்று, டி. எஸ். இராமநாதன் அதன் மேயராக வீற்றிருந்தார். 1965-இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை அறவே ஒழித்தது. மீண்டும் நடத்தப் பினாங்கு மாநிலம் 2012-இல் இயற்றிய சட்டம், 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் செல்லாததாயிற்று. நகராண்மை உறுப்பினர் இன்று நியமனம் பெறுவோரே.

இதனால் நூலகம் வாராமற் போயிற்றா? இல்லை. 1817-இல் தோன்றிய பினாங்கு நூலகத்தின் மரபு இன்றும் தொடர்கின்றது. இழந்தது வேறு. வாக்குக் கேட்க வேண்டியிருந்தால், மார்க்கெட் தெருவின் மளிகைக் கடைக்காரரிடம் ஒருவர் சென்று, ‘ஐயா, அங்கே தமிழ்நூல்கள் இத்தனை உள்ளன, இத்தனை இல்லை’ என்று கணக்குச் சொல்லியாக வேண்டும். அவரும் ‘ஏன் இல்லை?’ என்று திருப்பிக் கேட்பார். கேளாமலே கட்டப்படும் நூலகத்தில் அவ்வுரையாடலுக்கு இடமில்லை.

அவர் மறுத்துவிட்டால்? அம்மறுப்பை ஏற்கத்தான் வேண்டும் என்பேன். இங்கிலாந்தின் பாத் நகர மக்கள், 19-ஆம் நூற்றாண்டில் ஒருமுறைக்கு மேல் நூலக வரியை மறுத்தனர். வேண்டியோர் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் அவர்கள் வாயிலுக்கே சென்றனர்.