கடைசிக் கை

மதுரை காளவாசல் மேம்பாலம் 2020-இல் திறக்கப்பட்டது. அதன் நிழலில் இன்று நடக்கும் வேலைகளில் ஒன்று பார்சல் பிரிப்பது. பொன்மேனிக்கு ஒரு குவியல், எஸ்.எஸ்.காலனிக்கு ஒன்று, பெத்தானியாபுரத்துக்கு ஒன்று என்று வண்டி சீட்டின் மேலேயே அடுக்கிக்கொண்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிப் பேசுவார்கள். “அண்ணே, வீட்ல இருக்கீங்களா?” “இல்லப்பா, பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போயிரு.” “சரிண்ணே, ஓடிபி மட்டும் சொல்லுங்க.” எண் சொல்லப்படுகிறது. பார்சல் பக்கத்து வீட்டு வாசலில் வைக்கப்படுகிறது. டெலிவரி ஆகிவிட்டதாக உடனே செய்தி வந்துவிடுகிறது.

பெரும்பாலான நாட்களில் இதில் ஒரு குறையும் நேர்வதில்லை. ஊர் இப்படிப்பட்ட நம்பிக்கையில்தான் ஓடுகிறது. ஆனால் சாயங்காலம் வந்து பார்க்கும்போது பார்சலைக் காணோம் என்றால்? பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொன்னது வாங்கியவர். ஆளைப் பார்க்காமல் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டது கொண்டுவந்தவர். ஒரு வாசலில் ஐந்து நிமிடம் காத்து நிற்க முடியாதபடி அவர் பையை நிரப்பி அனுப்பியது நிறுவனம். எல்லோரிடமும் கொஞ்சம் தவறு இருக்கிறது. இழப்பு மட்டும் அப்படிப் பங்கு பிரிவதில்லை. அது கைமாறிக் கைமாறி, எதிர்த்துப் பேச முடியாத ஒருவரிடம் போய் நின்றுவிடுகிறது.

தவறு யாருடையது என்பது ஒரு கேள்வி. நட்டம் யார் தலையில் விழ வேண்டும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை தெரியாதபோதும் இரண்டாவதற்கு யாராவது பணம் கட்டித்தான் ஆக வேண்டும். அந்த அவசரத்தில்தான் அநியாயம் நடக்கிறது.

2021 அக்டோபரில் கேரளத்தின் ஆலுவாவில் ஒருவர் ஏறக்குறைய 71 ஆயிரம் ரூபாய் கட்டி ஐபோன் ஒன்றை இணையத்தில் வாங்கினார். ஐதராபாத்திலிருந்து கொச்சிக்கு வர வேண்டிய பார்சல் வழியில் சேலத்தில் ஒரு நாள் நின்றதை அவர் கவனித்திருந்தார். சந்தேகம் வந்ததால், கொண்டுவந்தவர் முன்னிலையிலேயே வீடியோ எடுத்தபடி பிரித்தார். உள்ளே பாத்திரம் தேய்க்கும் சோப்பும் 5 ரூபாய் நாணயமும் இருந்தன. அந்த நிமிடத்தில் யாரைச் சந்தேகிக்கத் தோன்றும்? எதிரே நிற்பவரை. அவரைத் தாண்டினால் சேலத்துக் கிடங்கில் வேலை பார்த்தவர்களை. போலீஸார் பெட்டியில் அச்சிட்டிருந்த ஐஎம்இஐ எண்ணை வைத்துத் தேடியபோது, அந்தப் போன் செப்டம்பரிலிருந்தே ஜார்க்கண்டில் ஒருவர் கையில் ஓடிக்கொண்டிருந்தது தெரியவந்தது. ஆர்டர் போடுவதற்கு முன்பே போன் போய்விட்டது. ஆலுவாவில் வாசற்படி ஏறியவருக்கும் சேலத்தில் மூட்டை இறக்கியவர்களுக்கும் அதில் எந்தத் தொடர்பும் இருக்க வழியில்லை. வாங்கியவருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது.

இது விலையுயர்ந்த போன். எண் இருந்தது, வீடியோ இருந்தது, செய்தியானது. அதனால் விசாரணை நடந்தது, விசாரணை நடந்ததால் குற்றமற்றவர்கள் குற்றமற்றவர்கள் என்று தெரிந்தது. எண்ணூறு ரூபாய் சுடிதாருக்கு ஐஎம்இஐ எண் கிடையாது. அதைத் தேடிப் போலீஸ் ஜார்க்கண்ட் வரை விசாரிக்கப் போவதில்லை. அங்கே விசாரணையின் இடத்தில் ஊகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஊகம் எப்போதும் பொருளைக் கடைசியாகத் தொட்ட கையைத்தான் காட்டும்.

இந்தச் சிக்கல் புதியதில்லை. பொருள் வந்த பிறகு பணம் தரும் வி.பி.பி. முறையை இந்தியத் தபால்துறை 1877-இலேயே தொடங்கிவிட்டது. தொலைவிலிருந்து முகம் தெரியாதவரிடம் வாங்கும் பழக்கமும், கொண்டுவந்தவரிடமே காசைக் கொடுக்கும் பழக்கமும் அப்போதே வந்துவிட்டன. தொலைவதும் உடைவதும் வீடு மாறிப் போவதும் கூடவே வந்தன. அதற்கு 1898-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம் தன் 6-ஆவது பிரிவில் ஒரு முடிவு சொன்னது. தொலைந்தாலும், தாமதமானாலும், தவறான இடத்தில் கொடுக்கப்பட்டாலும், அரசு தானே ஏற்றுக்கொண்ட அளவுக்கு மேல் பொறுப்பேற்காது. அதே பிரிவு, மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்தாலொழிய அஞ்சல் ஊழியர் எவரும் அந்த இழப்புக்குப் பொறுப்பல்ல என்றும் சொன்னது. 2023-இல் வந்த புதிய அஞ்சலகச் சட்டமும் இந்த ஏற்பாட்டைத் தொடர்கிறது.

இதன் முதல் பாதி நியாயமில்லை. பணம் வாங்கிக்கொண்டு பொருளை ஏற்றுச் செல்லும் அமைப்பு, அது தொலைந்தால் கையை விரிக்கக் கூடாது. இரண்டாம் பாதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான உறைகளைக் கையாளும் மனிதர் எப்போதாவது ஒன்றைத் தவறவிடுவார். அது அவர் ஒழுக்கக் குறைவுக்குச் சான்றாகாது. திருடாத வரையில் அவர் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. காலனி அரசின் சட்டத்திலேயே தபால்காரருக்கு இந்தப் பாதுகாப்பு இருந்தது. இன்று அதே தெருவில் அதே வேலையைப் பார்ப்பவருக்கு அது இல்லை. பார்சல் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஒருவர், காணாமற்போன ஒரு மிக்சிக்காகப் பிடித்தம் கொடுத்தால் அவருடைய பல நாள் உழைப்பு போய்விடும். நிறுவனத்துக்கோ அது ஆயிரக்கணக்கான ஆர்டர்களில் பரவிக் கரைந்துவிடும் தொகை. எங்கே விழுந்தால் காயம் குறைவோ அங்கே விழட்டும் என்பதுதான் இதில் அறம். தவறு யாருடையது என்று தெரியாத இடத்தில் இதைவிட நேர்மையான அளவுகோல் கிடைப்பது அரிது.

அப்படி விட்டுவிட்டால் யாருக்கும் அக்கறை இருக்காது, காம்பவுண்டுக்கு வெளியிலிருந்தே தூக்கி எறிந்துவிட்டுப் போவார்கள் என்று ஒரு மறுப்பு உண்டு. அதில் உண்மை இருக்கிறது; அப்படி எறிபவர்களும் இருக்கிறார்கள். எறிபவரைக் கண்டிக்கலாம், திரும்பத் திரும்பச் செய்தால் வேலையை விட்டு நிறுத்தலாம். ஆனால் ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று பொய்யாகப் பதிவு செய்துவிட்டு ஓடுகிற பழக்கம் எங்கிருந்து வருகிறது? இத்தனை மணிக்குள் இத்தனை பார்சல் என்ற கணக்கிலிருந்து வருகிறது. கணக்கைப் போட்டவர்கள் அதன் விளைவிலும் பங்கு ஏற்க வேண்டும்.

விற்பவர் பக்கம் போனால் விஷயம் இன்னும் கடினம். மதுரைச் சுங்குடிச் சேலைக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று அதை வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். சென்னையில் ஒருவர் ஜிபே-யில் முழுப் பணமும் அனுப்பிவிடுகிறார். சேலை கூரியரில் போடப்படுகிறது, போய்ச் சேரவில்லை. இங்கே பெரிய நிறுவனம் எதுவும் நடுவில் இல்லை. வாங்கியவரும் விற்றவரும் சாதாரண மனிதர்கள். 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஏற்றிச் செல்பவரிடம் கொடுத்தாலே வாங்குபவரிடம் கொடுத்ததாகத்தான் முதற்பார்வைக்குக் கொள்ளப்படும். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு “நான் அனுப்பிட்டேங்க, கூரியர்ல கேளுங்க” என்று சொல்லிவிட முடியும். சொல்லலாமா என்பதே கேள்வி. எந்தக் கூரியர் என்று தேர்ந்தெடுத்தது விற்றவர். பொதி கட்டியது அவர். ரசீது அவர் கையில். சென்னையில் இருப்பவருக்கு அந்த அலுவலகத்தின் படி எது என்றுகூடத் தெரியாது. வலித்தாலும் பணத்தைத் திருப்பவோ வேறு சேலை அனுப்பவோ கடமைப்பட்டவர் விற்றவரே. வாங்கியவர் மனமிரங்கிப் பாதியை ஏற்றால் அது பெருந்தன்மை. அதைக் கேட்டு வாங்கும் உரிமை விற்றவருக்கு இல்லை.

சேலை விற்ற அந்தப் பெண் கூரியரில் கேட்டால், ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். பொடி எழுத்தில் ஒரு சிறு தொகைக்கு மேல் பொறுப்பில்லை என்று இருக்கும். இது செல்லுமா? பாரதி நிட்டிங் கம்பெனி என்ற நிறுவனம் ஜெர்மனிக்கு அனுப்பிய சரக்கின் ஆவணங்கள் 1990-இல் டிஹெச்எல் கூரியரில் போய்ச் சேரவில்லை. கோடைப் பருவம் கடந்துவிட்டதால் சரக்குக்கு முழு விலை கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 100 டாலருக்கு மேல் பொறுப்பில்லை என்ற நிபந்தனையில் கையெழுத்திட்டவரை அது கட்டுப்படுத்தும் என்று 1996-இல் தீர்ப்பானது. ஏற்றுமதி நிறுவனம் படித்துப் பார்த்துக் கையெழுத்திடலாம், வேண்டுமானால் காப்பீடு எடுக்கலாம். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, கவுண்டரில் சேலைப் பொதியை நீட்டும் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு பெயரளவில்தான் இருக்கிறது. ‘இவ்வளவுதான் கிடைக்கும், காப்பீடு வேண்டுமா?’ என்று வாயால் ஒரு வார்த்தை சொல்வதற்கு எந்தக் கூரியருக்கும் செலவாகாது. சொல்லாமல் வாங்கிக்கொண்டு, தொலைத்த பிறகு பொடி எழுத்தைக் காட்டுவதை வணிக நேர்மை என்று ஏற்க முடியாது.

வாங்குபவருக்கு ஓரளவு வழி இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண் உண்டு. போராடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்பது உண்மைதான். இருந்தும், சங்கிலியில் இருப்பவர்களில் புகார் சொல்ல முகவரி உள்ளவர் அவரே. அதனால் அவர் வார்த்தைக்கு எடை அதிகம், பொறுப்பும் அதிகம்.

சில சமயம் ஒன்று கேட்டால் இரண்டு வந்துவிடும். கேட்ட நூறு ரூபாய்ச் சட்டைக்குப் பதில் ஆயிரம் ரூபாய்ச் சட்டை வரும். “கோடிக்கணக்குல சம்பாதிக்கிறான், இது ஒண்ணும் ஆகாது” என்று வைத்துக்கொள்கிறவர்கள் மற்றபடி யார் வீட்டுக் காசையும் தொடாதவர்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு, தவறுதலாக வந்து சேர்ந்த பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள். கோடீஸ்வர நிறுவனம் அந்தச் சட்டையின் விலையைத் தானே ஏற்கிறது என்று நினைப்பதுதான் பிழை. அது விற்ற சிறு கடைக்காரர் கணக்கில் கழியலாம். பொதி கட்டிய பெண்ணின் பெயரில் பதியலாம். வேறு வீட்டுக்குப் போக வேண்டியது மாறி வந்திருந்தால் கொண்டுவந்தவர் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம். வைத்துக்கொள்ளச் சொல்லி நிறுவனமே எழுத்தில் சொன்னால் வைத்துக்கொள்ளலாம். அதுவரை அது இன்னொருவர் பொருள். வந்த பொருளை வரவில்லை என்று சொல்லிப் பணம் திரும்பப் பெறுவதோ இன்னும் மோசம். அந்தப் பொய்யில் பெயர் சொல்லாமலே ஒருவர் திருடராக்கப்படுகிறார். இப்படிச் செய்கிறவர்களால்தான் நேர்மையாக வாங்குபவரிடமும் ‘பிரிக்கும்போது எடுத்த வீடியோ எங்கே?’ என்று கேட்கிறார்கள்.

சம்பளப் பிடித்தம் பற்றி நம் நாட்டில் ஏற்கெனவே ஒரு விதி இருக்கிறது. ஒப்படைக்கப்பட்ட பொருள் தொலைந்ததற்காக ஊழியரின் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமென்றால், அவருடைய கவனக்குறைவே அதற்கு நேரடிக் காரணமாக இருக்க வேண்டும். அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தந்த பிறகே பிடிக்க வேண்டும். இழப்பின் அளவுக்கு மேல் பிடிக்கக் கூடாது. 1936-ஆம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டம் இதைச் சொன்னது, 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது. பார்சல் சுமந்து வெயிலில் நிற்பவர் ஊழியர் என்று கணக்கில் வராததால் அந்தப் பாதுகாப்பு அவரை எட்டவில்லை. தமிழக அரசு 2023 சுதந்திர தினத்தன்று இந்தத் தொழிலாளர்களுக்கென நலவாரியம் அறிவித்தது. அந்த வாரியம் வழியாகவோ தனிச் சட்டமாகவோ, விசாரிக்காமல் ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது என்ற இந்த விதி அவர்களுக்கும் வர வேண்டும்.